இடப்பக்கம் இழுக்கும் வண்டி

என் அக்கா தைலம்மாளின் வீட்டுக்காரர் தேவசகாயம் மாமா, வீட்டுச் சாவியை யார் கேட்டாலும் கொடுப்பார். ஃபியட் சாவியை மட்டும் கொடுக்கமாட்டார். எழுபத்தெட்டில் வாங்கிய வண்டி. "என்னைய விட்டாலும் விடுவாரு, ஸ்டியரிங்க விடமாட்டாரு" என்று அக்காவே சொல்லிச் சிரிக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன் நான். அந்த வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் ரோட்டில் ஓட்டியதில்லை. அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்பேன்.

2007 ஆகஸ்டில் வந்தார்.

"ராபர்ட்டு, வண்டி லெப்ட்டுல இழுக்குதுடா. ஆலப்பாக்கம் தாண்டினா புடிக்கவே முடியல. ஜனவரியில ரேகாவ இதுலதான் சிதம்பரம் சர்ச்சுக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போவணும். ஆஸ்பத்திரியிலேர்ந்து கைக்கொழந்தையா கொண்டாந்ததும் இதுலதானே? அதுக்குள்ள நேராக்கிக் குடு."

ரேகா அவருக்கு ஒரே மகள். ஜனவரியில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஊர் சிதம்பரம்.

காற்று பார்த்தேன், பிரேக் பார்த்தேன். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். இடப்பக்கம் லொடலொடவென்றது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை, டை ராடு எண்டு, தேய்ந்திருந்தது. "ஆளு மாட்டிக்கிட்டாரு" என்று சொல்லிப் புதிது போட்டேன்.

மூன்றே வாரத்தில் திரும்பி வந்தார், அதே இழுப்பு. மறுபக்க எண்டையும் மாற்றினேன், அலைன்மென்ட் பார்த்தேன். அக்டோபரில் வந்தார், ஸ்டியரிங் கம்பியைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் புஷ்ஷைக் கழற்றிப் புதிது அடித்தேன். நவம்பரில் ஒரு மதகில் உரசி, இடப்பக்கக் கதவெல்லாம் கீறலோடு வந்து நின்றபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மாமா, வண்டியில ஒரு எழவும் இல்ல. உங்களுக்குத்தான் சந்தேகம் ஜாஸ்தி. பொண்ண அனுப்பற பயத்துல எது ஆடினாலும் இழுக்குதுங்கறீங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. "இருக்கும்டா. இன்னொருவாட்டி பாரேன்" என்றார். வேறு யாராவது அவரிடம் இப்படிப் பேசியிருந்தால் கிழித்திருப்பார். பாவி நான், அப்போதாவது யோசித்தேனா?

டிசம்பர் இரண்டாம் வாரம் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு அடியில் படுத்தேன். மேலே ஒருவர் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப, கீழே ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

"லெப்ட்டு... ரைட்டு... போதும் மாமா, கைய எடுங்க."

எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் விரலுக்கடியில் ராடு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது.

"கைய எடுங்கன்னேன்ல!"

"எடுத்துட்டேன்டா."

மறுபடி நகர்ந்தது. வாய்க்கு வந்தபடி முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தேன். அவருடைய வலது கை மடியில் இருந்தது. இடது கை இன்னும் ஸ்டியரிங்கின் மேலேயே ஈரத்துணி மாதிரி கிடந்தது. அந்தக் கையின் பாரம்தான் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியை இறக்கினேன். "எறங்குங்க மாமா. நான் ஓட்டிப் பாக்கறேன்." இருபத்தொன்பது வருஷத்தில் முதல்தடவையாகக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தவர் இறங்கினார். ஆல்பேட்டை வரைக்கும் போனேன். கையை விட்டால்கூட வண்டி நேராகப் போனது. ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.

புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் வலப்பக்கம் கட்டி. இடது கையை ஆட்டிவைப்பது அந்தப் பக்கம்தானாம். மாமாவை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"ஆகஸ்ட்டுலேர்ந்து வண்டி இழுக்குதுன்னாரு சார்" என்றது அக்கா.

"அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிருக்கலாம்மா. இப்ப கஷ்டம்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தேவலை. முதல்நாளே நான் ஸ்டியரிங்கைக் கேட்டு வாங்கியிருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும். அவருடைய நாலு மாசத்தை நான் தின்றுவிட்டேன்.

மாமாவிடம் நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் சொன்னோம்.

கல்யாணத்தன்று காலையில் அவரே வலது கையால் சாவியை என்னிடம் நீட்டினார். "எனக்குக் கை தோதுப்படல. நீ ஓட்டு." அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் பட்டுப்புடவையில் ரேகாவும் அக்காவும். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இப்ப இழுக்கலியே, ராபர்ட்டு?"

"இல்ல மாமா."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழுசாகத் திரும்ப முடியாமல் பாதி திரும்பி, "பாத்தியா தைலா? ஒண்ணுக்கும் ஒதவாதவன்னு உன் தம்பியத் திட்டினியே. சொன்ன தேதிக்குள்ள நேராக்கிட்டான் பாரு" என்றார்.

அக்கா ரேகாவின் புடவை மடிப்பைச் சரிசெய்தது.

"ஆமாங்க" என்றது அக்கா. "நல்லா பண்ணிட்டான்."

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். சிதம்பரத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.