பூரான் திரும்பும் மூலை

கடலூர் முதுநகரில் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். மடியில் வெளிர் நிறப் பட்டுச் சால்வை, ஊசியில் சிவப்பு நூல். சால்வையின் ஓரம் நெடுக ஒரு பூரான் ஊர்ந்து போகவேண்டும். மேகாலயாவின் காசி மலையிலிருந்து வந்திருந்த பான்ரிலின் அதைத்தான் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊர்ப் பெண்களின் கைவேலை அது.

"பூரானக் கண்டா நாம செருப்பத் தேடுவோம். இவுங்க என்னடான்னா தோள்ல போட்டுக்குறாங்க" என்றாள் சந்திரலேகா. கூடமே சிரித்தது. ஒரு வார்த்தையும் புரியாத பான்ரிலினும் சேர்ந்து சிரித்தாள்.

ஆரோக்கிய அனிதாவின் பூரான்தான் எல்லோருடையதையும் விட முன்னால் போயிருந்தது. கோயில் பீடத் துணிகளுக்குப் பூ போட்டுப் பழகிய கை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு இதுவரை இறால் கம்பெனிதான். ஐஸ் தண்ணீரில் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெந்துபோயிருந்தது. இந்த வேலை நிலைத்துவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்றிருந்தாள்.

ஆர்டர் பிடித்துத் தரும் ஞானசேகரன் அவள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேங்கப்பா! அந்த மூல திரும்புறது மட்டும் வந்துடுச்சின்னா மொத்த ஆர்டரும் இங்கதான் அனிதாம்மா. அங்க மலையில வாங்குனா ரேட்டு ஜாஸ்தி."

"அப்ப அவுங்க ஊரு பொம்பளைங்களுக்கு?"

"அவுங்களுக்கு இதோட முடிஞ்சிது."

"அது பான்ரி அக்காவுக்குத் தெரியுமா சார்?"

"தெரிஞ்சா கத்துக்குடுக்குமா? உங்க கைவேலைக்கு உசுரு குடுக்குறோம்னு சொல்லித்தான் இட்டாந்தேன்."

அனிதா பான்ரிலின் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிடலாமென்றால் பாஷை இல்லை. பாஷை இருந்தாலும் சொல்லியிருப்போமா என்பது அவளுக்கே தெரியவில்லை.

பான்ரிலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூலையைக் காட்டினாள். பூரான் வளையும் இடத்தில் உள்பக்கக் கால்கள் குட்டையாகவும் வெளிப்பக்கக் கால்கள் நீளமாகவும் விழவேண்டும். அனிதா வேண்டுமென்றே எல்லாக் கால்களையும் ஒரே அளவில் போட்டாள். பூரான் மிதிபட்டது மாதிரி ஆகிவிட்டது. "நோ, நோ" என்று சிரித்தபடி பான்ரிலின் நூலைப் பிரித்தாள். அனிதா மறுபடியும் தப்பாகவே போட்டாள். அதையும் பான்ரிலின் பிரித்தாள். துளி முகம் சுளிக்காமல், அனிதாவின் விரல்களைத் தன் விரல்களுக்குள் வைத்து ஊசியை நடத்திக் காட்டினாள். பாவி மனுஷி, இரண்டு வார்த்தை திட்டித் தொலைத்தாலாவது தேவலை என்றிருந்தது அனிதாவுக்கு.

"என்னா அனிதாம்மா, வரலியா? செதம்பரத்துல ஒரு குரூப்பு கேட்டுக்கினே இருக்காங்க. அவுங்களுக்குக் குடுத்துடவா?" என்றார் ஞானசேகரன்.

அனிதா நிமிரவில்லை. "வேணாம் சார். வந்துடும்."

இந்த முறை பூரான் அழகாக வளைந்து மறு ஓரத்தில் ஏறிப் போயிற்று. ஒரு கால்கூடப் பிசகவில்லை.

பான்ரிலின் அவளைக் கட்டிக்கொண்டாள். கண்கூடக் கலங்கிவிட்டது அவளுக்கு. பிறகு போனை எடுத்து அந்த மூலையைப் படம் பிடித்தாள். "மை வில்லேஜ். ஆல் சிஸ்டர்ஸ் சீயிங்" என்று சொல்லி அனுப்பினாள். அனிதாவும் பார்க்கட்டும் என்று போனை அவள் மடியில், சால்வையின் மேலேயே வைத்தாள்.

மலையிலிருந்து பதில் வரத் தொடங்கியது. ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் தட்டுகிற இரண்டு கைகள். வந்துகொண்டே இருந்தன.