நாகலெட்சுமி வீட்டுச் சேம்பு

மழை கண்டு ஐந்து வாரம். தேயிலைத் தோட்டத்து லயத்துக் குழாயில் வீட்டுக்கு நாலு குடம் என்று தலைவர் முத்துலிங்கம் முறை வைத்திருந்தார். இந்த லட்சணத்தில், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த நாகலெட்சுமியின் சேம்பு இலைகள் மட்டும் விடிந்தால் போதும், நுனியில் சொட்டுக் கட்டிக்கொண்டு நின்றன. மீனம்மாவுக்கு எப்படிப் பொறுக்கும்? பனி என்றால் இவள் வீட்டு ரோசாவிலும் விழுந்திருக்க வேண்டாமா? அது அப்பளமாகக் காய்ந்து கிடந்தது.

"அஞ்சாவது குடம் எங்க போவுதுன்னு அந்தச் சேம்பப் பாருங்க தலைவரே," என்றாள். வந்து பார்த்தார். ஒரு வாரத்துக்கு நாகலெட்சுமியின் முறை நின்றது.

அன்றிலிருந்து அவள் பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய்ச் சுமந்தாள். அதில் இரண்டு நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தினாள். கணக்கப்பிள்ளை வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். மீனம்மா கொஞ்சம் உச்சுக்கொட்டினாள், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தாள்.

ஆனால் சேம்பு சொட்டுவதை நிறுத்தவில்லை. இடுப்பொடியச் சுமந்த தண்ணீரையா செடிக்கு ஊற்றுகிறாள்? ஐந்தாம் நாள் விடியலில், நாகலெட்சுமி பீலிக்குப் போனதும், மீனம்மா துவாயும் கையுமாக இறங்கினாள். ஒவ்வொரு இலையையும் ஈரம் போகத் துடைத்தாள். இனி எவள் வந்து ஊற்றுகிறாள், பார்த்துவிடலாம் என்று தன் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

ஒருத்தியும் வரவில்லை. பெரிய இலையின் நுனியில் ஊசிமுனையளவு ஈரம் மினுங்கியது. பருத்தது. விழுந்தது. மறுபடி ஊறியது, உள்ளேயிருந்து.

மீனம்மா எழுந்துபோய் அடிமண்ணில் விரலை விட்டாள். சொதசொதவென்றிருந்தது. ஈரம், கழிவுநீர் ஓடும் கான் வழியே மேலே போனது. அவளும் குனிந்தபடியே போனாள். அது மீனம்மாவின் சொந்தப் பின்வாசலில், சட்டி கழுவும் கல்லடியில் போய் நின்றது. கல்லருகே நேற்றைய சோற்றுப்பருக்கை இரண்டு.

"என்னக்கா, எங்க சேம்புக்கு மூக்குச் சிந்தி விட்டீங்களாமே? எதிர்வீட்டு ராக்காயி சொன்னா."

இடுப்பில் குடம், கையில் கேன். நாகலெட்சுமிக்கு மூச்சு வாங்கியது. மேலே பெரட்டுச் சங்கு ஊதத் தொடங்கியது.

மீனம்மா துவாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "கேன இங்கிட்டு குடு. நீ ஓடு, பிந்திப் போயிரும்."

"தலைவரு கேட்டா என்னான்னு சொல்றது?"

கல்லின் மேல் அரிசி கழுவிய தண்ணீர் சட்டி நிறைய இருந்தது. வழக்கமாக மீனம்மா கானில் வீசிவிடுவாள். இன்று அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். கீழே சேம்பின் நுனியில் அடுத்த சொட்டு பருத்துக்கொண்டிருந்தது.