பன்னிரண்டு வினாடி

கைபேசியில் வினாடிகளை ஓடவிட்டு, பேக்கிங் மேஜைக்கு எதிரே தூணோரமாக நின்றிருந்தேன். ஒரு குழந்தைக் குடையை உறையில் போட்டுப் பெட்டியில் அடுக்க முப்பது வினாடி ஆகிறது. அதில் பன்னிரண்டு, ஏற்கனவே மடக்கி வந்த குடையை மறுபடி விரித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மறுபடி மடக்குவதில் போகிறது. அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மாலை லாரி வரும்போது நாலாயிரம் குடை தயாராக இருக்க வேண்டும். இந்த வேகத்தில் நடக்காது. நடக்காவிட்டால் பேக்கிங்கை இழுத்து மூடிவிட்டு அந்த வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடப் போவதாக முதலாளி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்த மேஜையில் உட்கார்ந்து குடை விரித்துக்கொண்டிருந்தவள் என் மனைவி.

எதற்கு மறுபடி விரிக்கிறாய் என்று அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் வேலையிடத்தில் நான் மேற்பார்வையாளன், அவள் என்னை 'சார்' என்பாள். அதில் இருக்கும் நக்கல் எனக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டுச் சுற்றினேன். வாங்குகிறவர்கள் கேட்டிருப்பார்கள் என்றார் மேஸ்திரி. அவர்கள் அனுப்பிய தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை. துணியின் சுருக்கம் போவதற்காக என்று தையல் பிரிவில் ஒருத்தி கதை அளந்தாள். ஈரம் காய்வதற்கு என்றார் கிடங்குக்காரர். எங்கள் குடை எதுவும் அதுவரை ஒரு சொட்டு மழையைப் பார்த்ததில்லை. எனக்கு லாரிகூட மறந்துபோனது. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வேறு வழியில்லாமல் அவளிடமே போய் நின்றேன்.

"நீங்கதான் சார்," என்றாள், டப்பாவை மூடிக்கொண்டே. "ஏழு வருஷத்துக்கு முன்னாடி, கம்பி முனையில மூடி இல்லாம ஒரு குடை திரும்பி வந்துச்சுல்ல? 'இன்னைக்கு ஒரு நாள் எல்லாத்தையும் விரிச்சுப் பாருங்க'ன்னு சொல்லிட்டுப் போனீங்க. போதும்னு வந்து சொல்லவே இல்ல."

அப்போது நான் வேலைக்குப் புதிது, அவள் எனக்கு யாரோ. அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருக்கும். கல்யாணமான இந்த ஐந்து வருடத்தில் வீட்டில் நான் சொன்ன எதுவும் அரைமணி நேரம் தாக்குப்பிடித்ததில்லை. இது மட்டும் ஏழு வருடம் ஓடியிருக்கிறது. சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நிறுத்திவிடு என்று சொல்ல வாயெடுத்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று, இத்தனை நாளில் மூடி இல்லாமல் எத்தனை அகப்பட்டது என்று கேட்டேன்.

"பத்தொம்பது," என்றாள். யோசிக்கக்கூட இல்லை. "சின்னப் பிள்ளைங்க பிடிக்கிற குடை. பக்கத்துல நிக்கிற பிள்ளைக்கு நேரா கண்ணுலதான் குத்தும்."

நிறுத்தச் சொன்னால் ஏதோ ஒரு பிள்ளையின் கண் போகும். தொடரச் சொன்னால் அவள் வேலை போகும். சாப்பிடாமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கம்பி முனைகளுக்கு மூடி மாட்டும் மேஜையில் குடைகள் விரிந்துதான் கிடந்தன. கடைசி நாற்காலியில் ஒரு பெண் அவற்றை மடக்கி பேக்கிங்குக்கு அனுப்புவாள். மடக்குவதற்கு முன்பே பார்த்துவிட்டால் என்ன? ஏழு வருடமாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அந்தப் பெண்ணை பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டு, என் மனைவியின் நாற்காலியை நானே தூக்கிவந்து அங்கே போட்டேன். முதல் குடையின் எட்டு முனைகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மடக்கினாள். இங்கே மூன்று வினாடி கூடியது, அங்கே பன்னிரண்டு குறைந்தது. மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். லாரிக்குச் சற்று முன்னால் முடிந்துவிடும்.

நிம்மதியாகத் திரும்பி நடந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"சார், இது இன்னைக்கு ஒரு நாளைக்கா, எப்பவுமா?"

மூடி மாட்டிக்கொண்டிருந்த ஆறு பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் மடியில் அடுத்த குடை மஞ்சளாக விரிந்திருந்தது. அவள் விரல் மூன்றாவது முனையைத் தொட்டபடி நின்றிருந்தது.