பலகையில் ஒரு காலியிடம்

சிறை மருத்துவமனையின் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் கறுப்பாக வரைந்திருப்பார்கள். அந்தந்த உருவத்தின் மேல்தான் அது தொங்க வேண்டும். காலை ஊசி வரிசை முடிந்து நர்ஸ் திரும்பிப் பார்த்தபோது கத்தரிக்கோலின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

 மேசைக்கு அடியில் தேடினாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். இல்லை. மூடி மறைத்துப் பழக்கமில்லாதவள் அவள். கைதிகள் சும்மாவா அவளுக்குக் கறார் சிஸ்டர் என்று பெயர் வைத்தார்கள்? போனை எடுத்துச் சொல்லிவிட்டாள்.

மணி அடித்தது. எல்லா அறைகளையும் பூட்டினார்கள். நடந்துகொண்டிருந்தவை எல்லாம் அப்படியே நின்றன, காலைச் சாப்பாட்டு வண்டி உட்பட.

தலைமைக் காவலர் வந்தார். தொப்பை முன்னே வந்தது, அவர் பின்னே வந்தார்.

"கடைசியா யாருக்கும்மா அதை எடுத்தீங்க?"

"டெய்லருக்கு. கால் புண்ணுக்குக் கட்டு மாத்தினேன்."

டெய்லர் என்பவர் உள்ளே கைதிகளுக்குச் சட்டை தைக்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நன்னடத்தைக்காக அடுத்த மாதம் விடுதலை.

"தையல்காரனா? அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் தேடணும்?" காவலருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தனியறையில போட்டுக் கேக்குற விதத்துல கேட்டா கக்கிடுவான்."

அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டெய்லருக்கு இன்சுலின் போட்டு அனுப்பியிருந்தாள். போட்ட கையோடு சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போய் ஆளையே முடித்துவிடும்.

தலைமைக் காவலரிடம் போனில் கெஞ்சினாள். "சார், அவருக்கு மட்டும் ஏதாவது சாப்பிடக் குடுங்க."

"கத்தரிக்கோல் கிடைக்கிற வரைக்கும் ஒரு கதவும் திறக்காது. கேட்டா உளறுறான், அடிக்க வேற வர்றான். வேர்த்து ஊத்துது. மாட்டிக்கிட்ட பயம்."

"அது பயம் இல்ல சார், சர்க்கரை இறங்குது..."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். மருத்துவமனைக் கதவும் பூட்டித்தான் கிடந்தது. தட்டிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். ஆத்திரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துக் கொட்டினாள். கட்டுத்துணி டப்பாவைக் கவிழ்த்தபோது ஒரு சுருள் மட்டும் டங்கென்று விழுந்தது.

பிரித்தாள். உள்ளே கத்தரிக்கோல் இருந்தது.

டெய்லருக்குக் கட்டு மாற்றும்போது வரிசையில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். அவர்களை அதட்டிக்கொண்டே மிச்சத் துணியோடு அதையும் சேர்த்துச் சுருட்டியது அவளுடைய கறார் கைதான். போன வருடம் ஒரு கம்பவுண்டர் ஒரேயொரு பிளேடைத் தொலைத்துவிட்டு வேலையிழந்து வீட்டுக்குப் போனார். இங்கே வாங்கும் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள்.

போனை எடுத்தாள்.

"கிடைச்சிடுச்சு. அலமாரிக்கு அடியில கிடந்துச்சு. கதவைத் திறங்க, சீக்கிரம்."

குளுக்கோஸ் டப்பாவோடு ஓடினாள். தனியறைத் தரையில் டெய்லர் சட்டையெல்லாம் நனைந்து கிடந்தார். உதடு கிழிந்திருந்தது; அது சர்க்கரையின் வேலை இல்லை. குளுக்கோஸைக் குழைத்து ஈறில் தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள்.  செத்துவிடாதே ஐயா, செத்துவிடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்து அந்தக் கண்கள் அவளை அடையாளம் கண்டன. அவர் மெதுவாகச் சப்புக்கொட்டினார்.

"சிஸ்டர், நான் எடுக்கல."

"எடுக்காமயா அது அலமாரிக்கு அடியில போச்சு?" என்றார் வாசலில் நின்ற தலைமைக் காவலர். "வெளிய போறப்ப சோதனை பண்ணுவாங்கன்னு உள்ள தள்ளிட்டான். கேஸ் எழுதுறேன். அடுத்த மாசம் வெளிய போறானாம்."

டெய்லர் மறுத்துப் பேசவில்லை. பேசிப் பார்த்துத்தான் உதடு கிழிந்திருந்தது.

அவள் விரல் இன்னும் அவர் வாயோரத்தில் இருந்தது. வீட்டிலிருக்கும் மூன்று பேரின் முகங்களும் வரிசையாக வந்து போயின.

"அலமாரிக்கு அடியில கிடைக்கல சார். கட்டுத்துணியோட நான்தான் சுருட்டி வச்சிருக்கேன்."

காவலர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுங்க சிஸ்டர். இவனுக்காகவா?"

"யோசிக்காமத்தான் முன்னாடி ஒரு பொய் சொன்னேன். இப்ப சொல்றதை எழுதிக்குங்க."

காவலர் பேனாவை எடுத்தார். அவள் டெய்லரை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, சாப்பாட்டு வண்டியைக் கூப்பிட்டாள்.