ஒயர் தொங்காத காது

கூப்பிட்டேன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு, ஒரே வார்த்தை, அதுவும் பொய்யில்லை, கூப்பிட்டது நெசந்தான், பிறகென்ன... கருணாகரன் ஜன்னலோரமாக உட்கார்ந்து சட்டைப்பையை வெளியிலிருந்தே ஒரு தரம் அமுக்கிப் பார்த்துக்கொண்டார். இருக்கிறது. புளியங்கொட்டைத் தண்டிதான் இருக்கும் அது, ஒயரில்லாத கறுப்பு பட்ஸ், நேற்று மத்தியானம் வரைக்கும் கூட வேலை பார்க்கிற ஹரிஹரசுதன் காதில் கிடந்தது. மதுரைக்குப் போகிற பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டே நின்றது, டிரைவர் டீக்கடையை விட்டு வருவேனா என்கிறார். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஹரியின் பெண்சாதி ஸ்ரீமதி போன் போட்டிருந்தாள். வலது கையில் மூணு விரலை எடுத்துவிட்டார்களாம், நாலாவது நிக்குமா நிக்காதா என்று நாளைக்குத்தான் சொல்வார்களாம். அவள் அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. "அண்ணே, மெயினு போடுறதுக்கு முந்தி நீங்க கூப்பிட்டீகளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க." நேர்ல வாரேன்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆமான்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல, நாக்குல என்ன புண்ணா... நேர்ல போயி மட்டும் என்னத்தச் சொல்லப்போறோம்.

இருபத்தாறு வருசமாகத் தறிக்கூடம். பன்னிரண்டு விசைத்தறி, ஆறாறாக ரெண்டு வரிசை, வரிசைக்கு ஒரு மெயின் சுவிட்சு. பன்னிரண்டும் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் கூடத்துக்குள் யாரும் பேசமாட்டார்கள், வாயை மட்டும் அசைப்பார்கள். டீ வந்துருச்சு, பாவு நூலு அந்துபோச்சு, மொதலாளி வாராரு, நாலு தறிக்கு அங்கிட்டிருந்தும் உதட்டைப் பார்த்தே எல்லாம் விளங்கும், கெட்ட வார்த்தைகூட விளங்கும். வீட்டிலும் அதே பழக்கம்தான், சோத்துக்கு முன்னால் உட்கார்ந்து உதட்டை அசைத்தால் பெண்சாதி சௌடம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "இது தறிக்கூடமா? வாயத் தொறந்து கேட்டா மோரு வரும்" என்பாள். மெயினுக்கு மட்டும் வேற சட்டம். எழுதி வைத்த சட்டமில்லை, ரெண்டு பேர் கையைப் பறிகொடுத்த பிறகு தானாக வந்த சட்டம். காதில் ஒயர் தொங்குகிறவனை நடந்துபோய்த் தோளில் தொட்டுச் சொல்லணும். வெறுங்காதுக்காரனுக்குத் தொண்டை கிழிய மூணு தரம் கத்தணும், மெயினு, மெயினு, மெயினு, அவன் தலையை ஆட்டின பிறகுதான் லிவரில் கை. யாரு போட்டாலும் அதுதான் முறை. நானும் அந்த முறைப்படிதானே...

பஸ் நகர்ந்தது. ஹரி புதுசா வாங்குன போனு. நாலு மாசத்துக்கு முன்னால் டீக்கடையில் அதைப் போட்டு எப்படி அடித்துக்கொண்டார்கள்! ஹரி பெட்டியைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், மேலே இல்லை, கீழே இல்லை, ஹெட்செட் குத்துகிற ஓட்டையையே காணோம். திருச்சுழிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸேறி வேலைக்கு வருகிற ராமசுப்புக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "ஏலே, ஊசியக் குடுத்துக் காத அடச்சுப்புட்டானேடா, இனி நூல எங்கிட்டுக் கோப்ப?" கூடி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹரி விடவில்லை, ஓட்டை இருந்தால் பஞ்சுத்தூசி போய் அடைக்குது, வாரத்துக்கு ஒரு தரம் குண்டூசியை விட்டு நோண்ட வேண்டியிருக்கு, இதில் தண்ணிகூடப் போகாது என்றான். "தண்ணி எங்கிட்டுடா இருக்கு நம்மூர்ல, போனுக்குள்ள போறதுக்கு? ஓட்டைய அடச்சது தூசிக்கில்ல, காதுக்குத் தனியா ஒண்ண விக்கிறதுக்கு. நாளைக்கு சார்ஜு போடுற ஓட்டையையும் அடப்பான், அப்பவும் நீ நல்லதுக்குத்தான்னு சொல்லுவ." அந்த நேரம் ஹரி இவர் பக்கம் திரும்பினான். "கருணாண்ணே, நீங்க சொல்லுங்க, திருப்பிக் குடுத்துறவா?" அப்போது பேசாமல் டீயைக் குடித்திருக்கலாம். ஆனால் கூடத்து மாரிக்கண்ணன் காது ஞாபகத்துக்கு வந்தது, தொங்கின ஒயரைத் தறி சுருட்டி இழுத்ததில் காதுமடல் கிழிந்து ஏழு தையல். ஒயர் ஆகாதுடா, எமன் விட்ட கயிறு அது, உன் போனுதான் சரி, பட்ஸை மாட்டு, கழுத்துக்கு ஆபத்தில்லை... கூடத்தில் மூத்தவர் சொன்னால் அதோடு சரி. ராமசுப்பு மட்டும் காலி கிளாஸை வைத்துவிட்டு, "மூத்தவுக சொல்லிட்டாக, இனி என்ன, காதுக்குள்ள நேரா ஆகாசத்துல இருந்து பாட்டு எறங்கும்" என்று எழுந்து போனான். ஓட்டை, தூசி, தண்ணி, சார்ஜு, எல்லாத்தையும் பேசினோம், காதுல கெடக்குறது அடுத்தவன் கண்ணுக்குத் தெரியுமான்னு எந்தப் பயலும் கேக்கலை. நானும் கேக்கலை. நான் கேட்டிருக்கணும், மெயின் பக்கத்துல நிக்கிறவன் நாந்தானே.

பாளையம்பட்டியில் ஆள் ஏறியது, கூடைகள், ஒரு கைப்பிள்ளை, கண்டக்டர் முன்னால் எங்கேயோ நெருக்கிக்கொண்டிருந்தார். நேற்று மூணு மணி இருக்கும். இந்த வரிசைக்கு ஃபியூஸ் போய் ஆறு தறியும் நின்றது, அந்த வரிசை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையை உருவி, புதுக் கம்பி கட்டி, திரும்பிப் பார்த்தார். யார் காதில் ஒயர்? சங்கர் காதில் தொங்கியது, நடந்துபோய்த் தொட்டார், அவன் தறியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். ஹரி கடைசித் தறியில் குனிந்திருந்தான், தலையில் துண்டு, ஒயர் இல்லை. ஒயர் இல்லாட்டி வெறுங்காது, கண்ணு அப்படித்தான் பழகியிருக்கு, நாலு மாசத்துல அவன் பட்ஸு மாட்டுறான்கிறதே மறந்துபோச்சு, வாங்கச் சொன்னவனே மறந்துட்டேன்... தறி நின்ற சாக்கில் பல்சக்கரத்தில் சிக்கின நூலை எடுக்கக் கையை விட்டிருக்கிறான், தறி சுவிட்சை அமத்தவில்லை, அது அவன் தப்பு, எல்லோரும் பண்ணுகிற தப்பு. இவர் கூப்பிட்டார். மெயினு, மெயினு, மெயினு. அவன் தலை ஆடியது, நல்லாப் பார்த்தேன், ஆடியது. லிவரைத் தூக்கினார்.

அந்தத் தலையாட்டு மெயினுக்கில்லை, பாட்டுக்கு. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடின பிறகு, தறிக்கடியில் பஞ்சுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஏதோ மினுக்கியது, குனிந்து எடுத்துக் காதோரம் வைத்தால் கொசு மாதிரி இன்னமும் பாடிக்கொண்டிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டோம்? சாயங்காலம் மொதலாளி கூப்பிட்டு, "காதுல எதையோ மாட்டியிருந்தானாமே, கெடச்சா எங்கிட்டக் குடுங்க கருணாகரன், உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டார். கொடுத்தால் நம்ம தலை தப்பும், மொதலாளி கையைக் கழுவிக்கொள்வார், விரலு போனது பாட்டுக் கேட்ட பயலோட திமிரு என்று ஊரே சொல்லும். ஸ்ரீமதி கையில் கொடுத்தால்? நான் முறைப்படி மூணு தரம் கூப்பிட்டேம்மா, இது அவன் காதுல கெடந்துச்சு, நீயே பாரு... சொல்லிட்டு அவ மொகத்தையும் பாக்கணும்ல. தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சிறலாமா. வெளியே வேலிக்கருவை, கரிமூட்டத்துப் புகை, வெட்டைக் காடு, எறிந்தால் எவனும் எடுக்கப்போவதில்லை. எறிஞ்சா எனக்குச் சாட்சி ஏது? எதுக்குச் சாட்சி? கூப்பிட்டதுக்கா, கேக்காம இருந்ததுக்கா...

"டிக்கெட், டிக்கெட்... அண்ணாச்சி எங்க?" கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டே நின்றார். கருணாகரன் நோட்டை நீட்டி, மதுரை ஒண்ணு என்றார். கண்டக்டர் நோட்டை வாங்காமல் முகத்தையே பார்த்தார். "எங்கன்னு கேட்டேன்." சொன்னோமே, காது கேக்காத ஆளா இவரு... மதுரை ஒண்ணுங்க. பக்கத்தில் கூடையை மடியில் வைத்திருந்த பொம்பளை இவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் குனிந்தார். "என்ன அண்ணாச்சி, வாயி அசையுது, சத்தத்தக் காணோம்? தொண்ட கட்டியிருக்கா, இல்ல மவுன விரதமா?" பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பொம்பளைதான் எடுத்துச் சொன்னாள், "மதுரைங்கிறாரு போலய்யா, ஒதடு அப்படித்தான் போகுது." கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

சீட்டு ஜன்னல் காற்றில் படபடத்தது. ரெண்டு தரம் சொன்னோமே, நமக்கு நல்லாக் கேட்டுச்சே... உள்ளுக்குள்ள கேட்டுச்சு. நேத்தும் நல்லாத்தான் கேட்டுச்சு, மூணு தரம், உள்ளுக்குள்ள. அந்த வரிசைத் தறி ஓடிக்கிட்டிருந்துச்சு, தொண்டை நரம்பு இழுத்துச்சா? கத்துனா ராத்திரிச் சோத்துக்கு உட்காரும்போது தொண்டை காந்துமே, நேத்து காந்துச்சா? காந்துன ஞாபகம் இல்லை. அவன் குனிஞ்சில்ல இருந்தான், எனக்கு முதுகுதானே தெரிஞ்சது, முதுகு உதட்டைப் பாக்குமா... கருணாகரன் ரெண்டு விரலைக் குரல்வளையில் வைத்துக்கொண்டார், மறுகை சட்டைப்பையை அமுக்கியிருந்தது. மெயினு, என்றார். விரலுக்கடியில் ஏதோ அதிர்ந்த மாதிரித்தான் இருந்தது. பஸ்ஸும் அதிர்ந்துகொண்டிருந்தது, கம்பி, இருக்கை, கண்ணாடி, எல்லாமே. கூடைக்காரப் பொம்பளை இந்தத் தரம் திரும்பவில்லை. காரியாபட்டி வருவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல் விரலை இன்னும் அழுத்தி வைத்து, வாயைத் திறந்து, மறுபடி ஒரு தரம்...