தபாலில் போட்ட படிவம்

வில்ஃப் கிரிம்ஷாவின் வாய்வார்த்தைக்கு நூற்று அறுபது பவுண்டு என்று விலை போட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை ஒரு கையிலும் ஃபோனை மறு கையிலும் பிடித்தபடி, அவர் கட்டிலருகே உட்கார்ந்து கடன் வசூல் கம்பெனி காத்திருக்கச் சொல்லிப் போட்ட பியானோ இசையை முப்பத்தேழாவது நிமிஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் மகள் லொரெய்ன்.

காலையில் வந்த நர்ஸ், "இன்னிக்குத் தாண்டாது" என்று சமையலறையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முன்னறையில் சோபாவை நகர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, சக்கரமில்லாமல் செங்கல்மேல் நின்றது வேன். பர்ன்லி சந்தைக்கு சீஸ் சுமந்த வண்டி. ஓடாத வண்டிக்கு வரி கிடையாது. ஆனால் ஓடவில்லை என்று படிவம் போட வேண்டும். ஜனவரியிலேயே தபாலில் போட்டுவிட்டதாக வில்ஃப் சொன்னார். வரவே இல்லை என்றது வண்டி உரிம அலுவலகம். எண்பது பவுண்டு அபராதம், வசூல்காரர்கள் கைக்குப் போனதும் இரட்டிப்பானது.

"கட்டித் தொலைச்சிடலாம், பாதி நான் தரேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் அண்ணன் டெரெக்.

நேற்று ராத்திரி வரை பேச்சிருந்தது வில்ஃபுக்கு. "கட்டினா நான் போடலன்னு ஆயிடும்டா" என்பார். நாற்பத்தோரு வருஷம் சந்தைக் கடையில் தராசு பிடித்தவரை யாரும் பொய்யன் என்றதில்லை. "நான் போறதுக்குள்ள முடிச்சிடு கண்ணு" என்று லொரெய்னிடம் கேட்டிருந்தார். அவளும் தலையாட்டிவிட்டாள்.

பியானோ நின்றது. ஒரு சின்னப் பெண்ணின் குரல். "வணக்கம், ஷெல்பி பேசறேன். கணக்கு யார் பேர்ல இருக்கு?"

"எங்கப்பா பேர்ல. அவருக்கு உடம்பு ரொம்ப முடியல. நான் பேசறேன்."

"கேக்கவே கஷ்டமா இருக்கு மேடம். ஆனா அவரே லைன்ல வந்து பேரு, பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு சொல்லி, நீங்க பேசலாம்னு ஒத்துக்கணும். இல்லேன்னா நான் எதுவும் சொல்லக்கூடாது."

லொரெய்ன் ஃபோனைப் பொத்திக்கொண்டாள். டெரெக் கையை நீட்டினான். "இங்க குடு. அப்பா குரல் எனக்கு அப்படியே வரும். ஸ்கூலுக்கே அவர் மாதிரி பேசி லீவு வாங்கினவன் நான்."

"பொய் சொல்லாத மனுஷனுக்கு நீ பொய்க் குரல் குடுப்பியா?"

"அவரால வாயே திறக்க முடியல, பாரு லொரெய்ன்."

"அவர் கணக்கு. அவரே பேசுவார்."

பேசத்தான் செய்தார். ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்து ஃபோனை அருகே வைத்ததும், கடைக்கு ஆள் வந்ததுபோல் கண் திறந்தது.

"வில்ஃப்ரெட்... கிரிம்ஷா." நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. "மார்ச் ஒம்போது... நாப்பத்தொண்ணு." அஞ்சல் குறியீடு இரண்டு முறை தடுக்கி, மூன்றாம் முறை முழுசாக வந்தது.

"உங்க மக பேசலாமா சார்?"

"பேசட்டும்." அதோடு விட்டிருக்கலாம். "குரல் நல்லாருக்கு கண்ணு. டீ குடிச்சியா?"

"இன்னும் இல்ல சார்."

கண் மூடிக்கொண்டது.

லொரெய்ன் பதினோரு நிமிஷம் வாதாடினாள். எலும்புத்துண்டாகக் கிடைத்தது ஒன்றுதான்: முப்பது நாளுக்கு வசூல் நிறுத்திவைப்பு. மேற்கொண்டு எதுவானாலும் கடிதமாக எழுத வேண்டுமாம். ஃபோனை வைத்துவிட்டு அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"ரத்து பண்ணிட்டாங்கப்பா. நீங்க போட்டது கிடைச்சிடுச்சாம்."

டெரெக் அவளையே பார்த்தான். அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள். வில்ஃபின் முகத்தில் எதுவும் அசையவில்லை. சாயங்காலம் நாலு அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது மூச்சு நின்றது. இடையில் யாரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடக்கம் முடிந்து ஹாம் சாண்ட்விச் சாப்பிட வந்தவர்களிடம், கிழவர் கடைசியாக வசூல்காரியை டீ குடித்தாயா என்று விசாரித்த கதையை டெரெக் சொன்னான். சந்தைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லொரெய்ன் உள்ளே போய், ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த 'பை' பலகாரத்தை இன்னும் சிறியதாக வெட்டினாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. டெரெக்தான் பிரித்தான். "பாரு! 'கணக்குதாரர் மரணமடைந்ததால் வராக்கடனாகத் தள்ளப்பட்டது. பாக்கி இல்லை.' ஜெயிச்சாச்சுடி! ஒத்தைப் பைசா குடுக்கல மனுஷன்."

"வராக்கடன்னா என்ன? கடன் இருந்துச்சு, குடுக்காம செத்தார்னு அர்த்தம்."

"யாரு போய் அதைப் படிக்கப் போறா?"

"நான் படிச்சேனே."

"அவருக்குத்தான் அன்னிக்கே சொல்லிட்டியே, ரத்து ஆயிடுச்சுன்னு."

கெட்டில் கொதித்து, தானே அணைந்தது. லொரெய்ன் மேஜையில் இடம் ஒதுக்கி, உயில் நிறைவேற்றுபவள் என்ற முறையில் எழுத உட்கார்ந்தாள். அப்பா படிவத்தைத் தபாலில் போட்டார்; போட்டார் என்று நீங்கள் எழுதித் தரும்வரை கணக்கை மூட எனக்குச் சம்மதமில்லை; தள்ளிய கடனைத் திரும்பக் கணக்கில் ஏற்றவும். தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் தபாலாக அனுப்பச் சொன்னாள். உறையை ஒட்டும் முன் கடிதத்தின் அடியில் தான் எழுதியதை இன்னொரு தடவை சரிபார்த்தாள். சந்தைக் கடையில் விலை அட்டை எழுதும் பெரிய எழுத்தில் இருந்தது:

வில்ஃப்ரெட் கிரிம்ஷா.
அபராதம்: 80 பவுண்டு.
வசூல் செலவு: 80 பவுண்டு.
கட்டியது: இல்லை.
பாக்கி: 160 பவுண்டு.