மாரியின் முறைநாளில் நின்ற படகு

1

விழித்திரையை மாதிரியாக வைத்துச் செய்த கேமரா சென்சார் பற்றி ஒருவர் விளக்கியதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். அந்தத் தெம்பில் எழுத உட்கார்ந்ததுதான் இந்தக் கதை.

பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் இளஞ்சிவப்பாய்... (அடித்தாயிற்று. பூநாரை இல்லாமல் எழுதக்கூடாது என்று சட்டமா என்ன?)

2

நிவேதா பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். சென்னையில் சென்சார் வடிவமைக்கிறாள். அவளுடைய கேமரா, விழித்திரை மாதிரி, வெளிச்சம் மாறிய இடத்தை மட்டும் புள்ளியாகக் காட்டும். மாறாததைக் கண்டுகொள்ளாது. [நம் கண் ஓயாமல் லேசாக நடுங்குவதால் அசையாததும் நமக்குத் தெரிகிறது. அந்த நடுக்கத்தை அடுத்த மாடலுக்கு ஒத்திவைத்திருந்தாள். எழுத்தாளர்களும் இப்படித்தான், கஷ்டமானதை அடுத்த புத்தகத்துக்குத் தள்ளுவோம்.] சோதித்துப் பார்க்க ஏரிக்கரையில் கம்பம் நட்டு அதை மாட்டியிருந்தாள்.

3

கேமரா ஓடிய நாளன்று மாரியின் பாடு*. அவர் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது, தன் இடத்தில் நாகப்பனின் படகு நின்றதைப் பாலத்திலிருந்து பார்த்தாராம். நாகப்பன் நிவேதாவின் அப்பா, அவள் கூப்பிடுவது நைனா.

(* எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர்கூடிப் பிரித்துக்கொள்ளும் முறை. அடுத்தவர் முறையில் கைவைத்தால் அந்த வருஷம் முழுக்க ஏரியில் இறங்க முடியாது.)

மாரி புகார் சொல்ல, ஊர் கூடியது. தலைவர் செங்கல்வராயன் நிவேதாவைக் கேட்டார்: "இன்னாம்மா, உன் கேமரா அந்தப் பக்கந்தான பாத்துனு இருந்துச்சி? போடு, பாக்கலாம்."

திரை கறுப்பாக ஓடியது. படகும் இல்லை, வலையும் இல்லை. காற்றே இல்லாத நாள், தண்ணீர்கூட அசையவில்லை. [படகு விடியுமுன் வந்ததும், கேமரா ஓய்ந்த பிறகு கிளம்பியதும் கதாசிரியரின் வசதிக்காக.]

"மிஷினு பொய் சொல்லாதுபா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஓரிடத்தில் மட்டும் சில புள்ளிகள் மினுங்கி அடங்கின. மற்றவர்களுக்கு அது ஏதோ பூச்சி. நிவேதாவுக்கு அது இருமல். கை வாய்க்குப் போகிறது, தோள் குலுங்குகிறது, கை இறங்குகிறது. நைனா அப்படித்தான் இருமுவார். அசையாமல் நின்ற படகை விட்டுவிட்டு, கேமரா அவர் இருமலை மட்டும் பிடித்திருந்தது.

4

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள், ஊர் கைதட்டுகிறது. (இதை எழுதினவன் ஊரையே பார்த்ததில்லை போலிருக்கிறது.)

முடிவு இரண்டு: நாகப்பன் தானே எழுந்து ஒப்புக்கொண்டு... (நாகப்பனா? போங்க சார்.)

எழுந்தது மாரி.

"தப்பா சொல்ட்டேன்ணா. வூட்ல அவளுக்கு ஒடம்பு சரியில்ல, அந்த நெனப்புல கண்ணு மங்கிட்ச்சி. மன்ச்சிக்கோ" என்று கும்பிட்டார்.

"பரவால்ல, வுடு தம்பி" என்றார் நாகப்பன், ரொம்பப் பெருந்தன்மையாக.

நிவேதா எழுந்து நிற்கிறாள். வாய் திறந்தால் நைனாவுக்கு இந்த வருஷம் ஏரி இல்லை. திறக்காவிட்டால், செய்யாத தப்புக்குக் கும்பிட்ட கையோடு மாரி ஆஸ்பத்திரிக்குத் திரும்புவார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, பேனாவை மூடிவிட்டேன். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், மாரி செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.